வாக்குரிமை வழக்குகள்: ஒரு சட்டத்தரணியின் பதில்கள்

"உள்ளூராட்சித் தேர்தலைத் தள்ளிப்போட்டது பிழை என்று ஹைகோர்ட் தீர்ப்புச் சொன்னதாமே. வழக்குப் போடாத எங்களுக்கும் அது பொருந்துமா?" (ஏறாவூர்)

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். தமிழகச் செய்திகளில் உயர் நீதிமன்றம் என்றால் மாநில ஹைகோர்ட். இலங்கையில் நமக்கு அது கொழும்பில் இருக்கும் நாட்டின் உச்ச மன்றம். மட்டக்களப்பில் நாம் ஹைகோர்ட் என்பது மேல் நீதிமன்றம். நீங்கள் கேட்ட தீர்ப்பு கொழும்பு உயர் நீதிமன்றத்தில் 2024 ஆகஸ்ட் 22இல் வந்தது.

2023 மார்ச் 9இல் நடக்கவேண்டிய வாக்கெடுப்பு, திறைசேரி பணம் விடாததால் நின்றது. நிதியமைச்சராகவும் இருந்த அப்போதைய ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்கவும் தேர்தல்கள் ஆணைக்குழுவும் மக்களின் அடிப்படை உரிமையை மீறினார்கள் என்றது நீதிமன்றம். பலன் எல்லோருக்கும்தான். ஆனால் வாக்கெடுப்பு நடந்தது 2025 மே 6இல். தீர்ப்புக்குப் பிறகும் எட்டு மாதம் காத்திருந்தோம்.

"கல்முனையில் மட்டும் ஏன் அன்று வாக்கெடுப்பு இல்லை?" (கல்முனை)

மாநகர சபை தொடர்பான வழக்கு நிலுவையில் இருந்ததால்.

"வாக்காளர் அட்டை வரவில்லை. வாக்களிக்க முடியாதா?" (களுவாஞ்சிக்குடி)

முடியும். வாக்காளர் இடாப்பில் (பெயர்ப் பட்டியலில்) பெயரும் கையில் அடையாள அட்டையும் இருந்தால் போதும். பெயரே இல்லை என்றால்தான் வில்லங்கம். அன்றைக்கு எந்தத் தீர்ப்பைக் காட்டினாலும் பயனில்லை. வரைவு இடாப்பு பிரதேச செயலகத்திலும் கிராம சேவகரிடமும் இருக்கும்போதே ஒருதரம் எட்டிப் பாருங்கள். வேண்டுமென்றே வெட்டினார்கள் என்று சந்தேகமா? அடிப்படை உரிமை மனுவுக்கு ஒரு மாதம்தான் அவகாசம். அதற்குள் மட்டக்களப்பிலோ கல்முனையிலோ உள்ள மனித உரிமைகள் ஆணைக்குழு அலுவலகத்தில் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்த ஒரு மாதத்தில் சேராது. பலர் இதைத் தெரியாமலே நாளைக் கடத்திவிடுகிறார்கள்.

"மகன் கட்டாரில். அங்கிருந்து வாக்களிக்கலாமா?" (வாழைச்சேனை)

இல்லை, ஊருக்கு வந்துதான் போடவேண்டும். எனக்கும் இது நியாயமாகப் படவில்லை.

"கிழக்கு மாகாண சபைக்குக் கடைசியாகப் புள்ளடி போட்டது 2012இல். அதற்கும் வழக்குப் போடலாமே?" (திருக்கோவில்)

போடலாம், ஆனால் சுலபமில்லை. 1998இல் ஐந்து மாகாணங்களின் தேர்தலை அவசரகால நிலையைக் காட்டித் தள்ளினார்கள். புள்ளடி போடுவதும் கருத்து வெளியிடுவதுதான் என்று 1999இல் நீதிமன்றம் சொன்னது, தேர்தலும் நடந்தது. அன்று தடை அரசின் செயல். இன்று தடை சட்டமே. 2017இல் தேர்தல் முறையை மாற்றினார்கள். அடுத்த வருடம் அந்தப் புதிய முறைக்கு வேண்டிய தொகுதி எல்லை நிர்ணய அறிக்கையைப் பாராளுமன்றம் தோற்கடித்தது. பழையதும் போய், புதியதும் வரவில்லை. நிறைவேறிய சட்டத்தை ரத்துச் செய்ய நம் நீதிமன்றங்களுக்கு அதிகாரம் இல்லை. சரி, அப்ப யாரைக் கேட்பது? மட்டக்களப்பிலிருந்து ஐந்து பேரையும் அம்பாறையிலிருந்து ஏழு பேரையும் பாராளுமன்றத்துக்கு அனுப்பியிருக்கிறோமே, அவர்களைத்தான்.