ஆடம் ஸ்மித்தும் தையல்காரர் கூலியும்

வணக்கம் ஐயா,

குறைந்தபட்ச ஊதியம் பற்றிப் பேச்சு வந்தாலே, கூலியைச் சட்டம் போட்டு நிர்ணயிக்கக் கூடாதென்று ஆடம் ஸ்மித்தே சொல்லிவிட்டார் என்கிறார் என் நண்பர். அப்படி எழுதியிருக்கிறாரா?

செ., ஈரோடு

அன்புள்ள செ.,

பொருளியல் அறிஞர் ஸ்மித் கிட்டத்தட்ட அப்படித்தான் எழுதியிருக்கிறார். சட்டத்தால் கூலியைச் சரியாக நிர்ணயிக்க முடியாது, நிர்ணயிப்பதாக அது பாவனை செய்ததுதான் மிச்சம் என்ற பொருளில் ஒரு வரி 1776இல் வந்த அவருடைய ‘நாடுகளின் செல்வம்’ நூலில் உண்டு. நண்பர் அந்த வரியோடு நின்றுவிடுவதுதான் எனக்கு வருத்தம்.

ஸ்மித்தின் கண்ணெதிரே இருந்த கூலிச் சட்டம் எப்படிப்பட்டது? லண்டன் தையல்காரர் சட்டத்தை அவரே எடுத்துக்காட்டுகிறார். லண்டனிலும் சுற்றி ஐந்து மைலுக்குள்ளும் தையல் தொழிலாளிக்கு ஒரு நாளைக்கு 2 ஷில்லிங் ஏழரை பென்ஸுக்கு மேல் முதலாளி கொடுக்கக் கூடாது, தொழிலாளி வாங்கவும் கூடாது. மீறினால் கடும் தண்டனை. நாடு முழுக்கத் துக்கம் அனுசரிக்கும் காலத்துக்கு மட்டும் விலக்கு. அரச குடும்பத்தில் சாவு விழுந்தால் ஊருக்கே கறுப்புத் துணி அவசரமாக வேண்டுமே! அப்போது மட்டும் கூலி ஏறலாம். ஆக, அந்தச் சட்டம் வைத்தது உச்சவரம்பு. குறைந்தபட்ச ஊதியம் இதற்கு நேர் எதிர்.

இப்படிப்பட்ட சட்டங்கள் எங்கிருந்து வருகின்றன என்பதையும் அவர் மறைக்கவில்லை. முதலாளிக்கும் தொழிலாளிக்கும் இடையே நாடாளுமன்றம் தலையிடும்போதெல்லாம் ஆலோசனை சொல்பவர்கள் முதலாளிகள்தான் என்கிறார். அதையும் தாண்டி ஒரு சட்டம் தொழிலாளிக்குச் சாதகமாக வந்தால், அது எப்போதுமே நியாயமானது என்று அடித்துச் சொல்கிறார். கூலியைச் சரக்காகக் கொடுக்காமல் பணமாகவே கொடுக்க வேண்டும் என்ற சட்டம் அவர் தரும் உதாரணம்.

பேரம் என்று வந்தால் முதலாளி ஓரிரு வருடம் தாக்குப்பிடிப்பார், பல தொழிலாளிகளால் ஒரு வாரம்கூட முடியாது என்பதையும் அவர் பார்த்திருக்கிறார். கூலியை உயர்த்தத் தொழிலாளிகள் கூடினால் தடுக்கச் சட்டங்கள் பல இருந்தன. குறைக்க முதலாளிகள் கூடுவதைத் தடுக்க ஒன்றுமில்லை. இதைச் சுட்டிக்காட்டிய மனிதரை முதலாளிகளின் வக்கீலாக்குவது அநியாயம் என்பேன்.

அதற்காக அவரைக் குறைந்தபட்ச ஊதியத்தின் ஆதரவாளர் என்று சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. விவசாயக் கூலிகளுக்குக் குறைந்தபட்சக் கூலி நிர்ணயிக்கும் மசோதாவை பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர் சாமுவேல் விட்பிரெட் கொண்டுவந்ததே 1795இல்தான். பிரதமர் பிட் எதிர்த்தார், மசோதா தோற்றது. ஸ்மித் 1790இலேயே இறந்துவிட்டார். இருந்திருந்தால் எந்தப் பக்கம் நின்றிருப்பார் என்று நான் பந்தயம் கட்ட மாட்டேன்.

நண்பரை முதல் பாகத்தின் எட்டாம், பத்தாம் அத்தியாயங்களைச் சேர்த்துப் படிக்கச் சொல்லுங்கள். தையல்காரர் சட்டம் பத்தாவதில் இருக்கிறது.