கேமராவை எப்போது செங்குத்தாகத் திருப்புவது? சில கேள்விகள், பதில்கள்

ஆள் என்றால் செங்குத்து, இயற்கைக் காட்சி என்றால் கிடைமட்டம். இந்த விதி போதாதா?

தொடங்குவதற்குப் போதும். ஆனால் செங்குத்துக்குப் போர்ட்ரெய்ட், கிடைமட்டத்துக்கு லேண்ட்ஸ்கேப் என்ற பெயர்களே நம்மைக் கட்டிப்போட்டுவிடுகின்றன. எதிரே நிற்பது உயரமா அகலமா என்று நான் பார்ப்பதில்லை. அதற்குப் பக்கத்தில் இருப்பது படத்துக்கு வேண்டுமா, மேலும் கீழும் இருப்பது வேண்டுமா என்றுதான் பார்ப்பேன். வெட்டவெளியில் ஒருவர் தனியே நிற்கிறார். அந்தத் தனிமைதான் படம் என்றால் இருபுறமும் வெறுமை தெரிய வேண்டும், கிடைமட்டம். அவர் முகமும் கைகளும் போதுமென்றால் திருப்புங்கள். பார்வையையும் கவனியுங்கள். பக்கவாட்டில் பார்க்கிறவருக்கு அந்தத் திசையில் இடம் விட வேண்டும். குறுகிய செங்குத்துச் சட்டத்தில் (ஃபிரேமில்) அவர் சுவரைப் பார்ப்பதுபோல் ஆகிவிடும்.

எல்லாவற்றையும் கிடைமட்டமாக எடுத்துவிட்டு அப்புறம் வெட்டிக்கொண்டால் என்ன, அண்ணா?

கணக்குப் போட்டுப் பாருங்கள், தம்பி. 24 மெகாபிக்சல் கேமராவில் படம் 6000 × 4000 பிக்சல். அதே விகிதத்தில் செங்குத்தாக வெட்டினால் மிஞ்சுவது சுமார் 2667 × 4000, அதாவது ஏறக்குறைய 10.7 மெகாபிக்சல். பாதிக்கு மேல் போய்விட்டது. போன் திரைக்கு இது தாராளம், பெரிய பிரிண்ட் போடும்போதுதான் குறை தெரியும். அதைவிட எனக்குப் பெரிய கவலை, வெட்டிப் பழகியவர்கள் எடுக்கும்போது மேலேயும் கீழேயும் பார்ப்பதே இல்லை. சட்டத்துக்கு வெளியே போன பாதத்தை எந்த மென்பொருளிலும் அப்படியே மீட்க முடியாது. சந்தேகம் வந்தால் இரண்டு விதமாகவும் எடுங்கள், அதற்கு ஒரு நொடிதான் ஆகும்.

மலையைச் செங்குத்தாக எடுத்தால் ஏனோ எடுபடவில்லை.

கீழ்ப்பாதியில் என்ன இருந்தது? அங்கேதான் செங்குத்துப் படம் ஜெயிக்கும், அல்லது தோற்கும். அகல லென்ஸைப் (அதிகப் பரப்பைப் படத்துக்குள் கொண்டுவரும் லென்ஸ்) போட்டுக்கொண்டு முழங்கால் உயரத்துக்கு இறங்குங்கள். காலடியில் ஒரு பாறையோ பூச்செடியோ, நடுவில் ஓடையோ பாதையோ, உச்சியில் மலை. கண் கீழிருந்து ஏறிப் போகும், ஆழம் தானாக வரும். முன்னால் வெறும் மண், மேலே வெளிறிய வானம் மட்டும் என்றால் கிடைமட்டமே நல்லது.

பத்துப் பேர் சேர்ந்த குழுப்படம்?

கிடைமட்டம். அகல லென்ஸில் ஓரத்து முகங்கள் இழுபடும், கொஞ்சம் பின்னால் போய் எடுங்கள்.

செங்குத்தாக முகம் எடுத்தால் தலைக்கு மேல் நிறைய இடம் காலியாக நிற்கிறது, சார்.

ஃபோகஸ் புள்ளியை, அதாவது எந்த இடம் தெளிவாக விழ வேண்டும் என்று கேமராவுக்குக் காட்டும் புள்ளியை, நடுவிலேயே வைத்திருக்கிறீர்கள், அதுதான் காரணம். கண்ணில் ஃபோகஸ் செய்து அப்படியே அழுத்தினால் முகம் நடுவில்தான் விழும். கேமராவைத் திருப்பிய கையோடு புள்ளியையும் மேல் மூன்றில் ஒரு பங்குக்கு நகர்த்துங்கள். இன்னொன்று, 3:2 சட்டம் திருப்பும்போது முகத்துக்குச் சற்று நெட்டையாகவே இருக்கும். 4:5 என்று வெட்டிப் பாருங்கள், உடனே அடக்கமாகிவிடும்.

பல படங்களை ஒட்டிச் செய்யும் அகலமான பனோரமாவுக்குக் கேமராவை எப்படிப் பிடிப்பது?

செங்குத்தாக. பலரும் நம்ப மறுப்பார்கள், அகலமான படத்துக்கு எதற்கு நெட்டுச் சட்டம் என்று. அகலம்தான் படங்களை ஒட்டும்போது கிடைத்துவிடுகிறதே! உயரம் மட்டும் ஒரே ஒரு படத்திலிருந்து வர வேண்டும். ஒட்டிய பிறகு மேலும் கீழும் ஓரங்கள் கோணலாக நிற்கும், அவற்றை வெட்டவும் இடம் வேண்டும். முந்தைய படத்தில் வந்ததில் மூன்றில் ஒரு பங்காவது அடுத்த படத்திலும் வரட்டும். எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) படத்துக்குப் படம் மாறாதபடி மேனுவலில் பூட்டிவிட்டுத் தொடங்குங்கள், இல்லையென்றால் வானத்தில் பட்டை பட்டையாகத் தெரியும்.