ஆர்கானிக் சோலார் செல்லில் ஆக்டிவ் லேயரைத் தடிமனாக்கினால் திறன் கூடுமா?

நீங்களும் ஆராய்ச்சியில் முதல் வருடம் என்று நினைக்கிறேன். கார்பன் சேர்மங்களால் ஆன சோலார் செல்லில் மின்னோட்டம் போதவில்லை, ஒளியை உறிஞ்சும் ஆக்டிவ் லேயரைத் தடிமனாக்கலாமா என்று கேட்கிறீர்கள். நானும் அதே இடத்தில் நான்கு மாதம் நின்றவன்.

தடித்தால் ஒளி கூடுதலாக உறிஞ்சப்படும், சரி. ஆனால் ஒளி பட்டு உண்டாகும் எக்ஸிட்டான் (பிரியாமல் கட்டுண்ட எலக்ட்ரான்–துளை ஜோடி) சுமார் 10 நானோமீட்டர்தான் நகரும். அதற்குள் டோனரும் அக்செப்டரும் சந்திக்கும் எல்லையை அடைந்தால்தான் மின்னூட்டங்களாகப் பிரியும். அதனால்தான் எலக்ட்ரானைக் கொடுக்கும் டோனரையும் அதை வாங்கும் அக்செப்டரையும் கலந்தே பூசுகிறோம். அப்படிப் பிரிந்த மின்னூட்டங்களில் பலவும் தடித்த லேயரைக் கடப்பதற்குள் ஒன்றோடொன்று சேர்ந்து அழிந்துவிடும். பின்னால் உள்ள உலோகத்தில் பட்டுத் திரும்பும் ஒளி குறுக்கிடுவதால், தடிமன் கூடக்கூட மின்னோட்டம் ஏறி இறங்கி ஏறும்.

மதுரைக்கு வெளியே ஒரு கல்லூரி லேபில் பி3எச்டி (டோனர்)–பிசிபிஎம் (அக்செப்டர்) செல் போட்டேன். சித்திரையில் 2.6 சதவீதம் திறன் வந்தது, ஐப்பசி மழையில் 1.2க்கு இறங்கியது. கலவை விகிதம், பூசும்போது சுழற்றும் வேகம், தடிமன் எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்தேன். ஆக்டிவ் லேயருக்கு அடியில் பெடாட்-பிஎஸ்எஸ் என்ற மின்கடத்தும் பாலிமரைப் பூசிச் சுடுவோம். ஒருநாள் லேப் அண்ணன்தான் கேட்டார்: "பெடாட்டைச் சுட்டதுக்கப்புறம் எவ்வளவு நேரம் வெளியே வச்சிருந்த?" காற்றும் ஈரமும் புகாத கிளவ் பாக்ஸ் காலியாகும்வரை, ஒரு மணி நேரம் என்றேன். பெடாட்-பிஎஸ்எஸ் ஈரத்தை உறிஞ்சும். அமிலத்தன்மையும் உண்டு, அடியிலுள்ள ஐடிஓ என்ற ஒளிபுகும் மின்முனையை அரிக்கும். மறுபடி 150 டிகிரியில் 15 நிமிடம் சுட்டுச் சூட்டோடு உள்ளே கொண்டுபோனேன். 2.4 வந்தது.

அதுவும் சில நாளில் இறங்கியது. அப்புறம் லேயர் வரிசையையே தலைகீழாக்கினேன்: ஐடிஓ மேல் துத்தநாக ஆக்சைடு, பிறகு ஆக்டிவ் லேயர், மாலிப்டினம் ஆக்சைடு, வெள்ளி. பெடாட்டும் இல்லை, முன்பு மேல் மின்முனையாக இருந்த, சீக்கிரம் ஆக்சைடாகும் அலுமினியமும் இல்லை. இரண்டு வாரம் கழித்தும் பெரிதாக இறங்கவில்லை.

பி3எச்டி பழைய கதை, ஒய்6 வகைப் புதிய அக்செப்டர்களில் 19 சதவீதம் தாண்டியாயிற்றே என்று சிலர் வருவார்கள். தெரியும். எங்கள் லேபில் வாங்க முடிந்தது பி3எச்டிதான். எந்த அக்செப்டர் போட்டாலும் பெடாட்டின் ஈரம் ஈரம்தான். அதனால் ஆக்டிவ் லேயரைத் தொடுவதற்கு முன் அதன் மேலும் கீழும் இருப்பதைப் பாருங்கள். அன்றைய ஈரப்பதத்தையும் நோட்டில் எழுதுங்கள். நான் எழுதவில்லை.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்கிறேன். அந்த நான்கு மாதமும் உதவித்தொகை வரவில்லை. நாகமலை புதுக்கோட்டையில் அறை வாடகைக்கு அம்மாவின் வளையலை அடகு வைத்தேன். பணம் எங்கே நிற்கிறது என்று அலுவலகத்தில் யாரும் சொல்லவில்லை, அடுத்த வாரம் வா என்றார்கள். வளையலைத் திருப்பியது போன பங்குனியில்தான்.