நடுராத்திரியில் அலறும் கார் அலாரம்: மாட்யூலை மாற்ற அவசரப்படாதீர்கள்

கேள்வி: இரண்டு வருடத்துக்கு முன் செகண்ட் ஹேண்டில் ஒரு பெட்ரோல் ஹேட்ச்பேக் வாங்கினேன், 2016 மாடல். முந்தைய உரிமையாளர் வெளிக் கடையில் அலாரம் மாட்டியிருக்கிறார். ஒரு மாதமாக ராத்திரி இரண்டு, மூன்று மணிக்குத் தானாகவே அலறுகிறது. ஓடிப்போய்ப் பார்த்தால் பக்கத்தில் யாரும் இருப்பதில்லை. அபார்ட்மென்டில் சண்டைக்கு வருகிறார்கள். எலக்ட்ரீஷியன், ‘மாட்யூல் போச்சு சார், ஆறாயிரத்து ஐந்நூறு ஆகும்’ என்கிறார். மாற்றிவிடலாமா? (வாசகர், திருச்சி)

பதில்: வேண்டாம். மாட்யூல் என்பது டேஷ்போர்டுக்கு அடியில் இருக்கும் ஒரு சின்னப் பெட்டி. கதவு, பானெட், டிக்கி, அதிர்வு சென்சார் என்று நாலு பக்கமிருந்தும் அதற்கு வயர் வருகிறது. ‘யாரோ திறந்துவிட்டார்கள்’, ‘யாரோ தட்டுகிறார்கள்’ என்று ஏதாவது ஒரு வயர் சொன்னால் சைரனை ஒலிக்கவிடும். தானாக அலறும் வண்டிகளில் பெரும்பாலும் இந்தப் பெட்டி நன்றாகவே இருக்கும். பொய்த் தகவல் அனுப்பும் ஒரு ஸ்விட்சோ, சோர்ந்துபோன பேட்டரியோதான் காரணமாக இருக்கும். பெட்டியை மாற்றினாலும் அதே பொய்த் தகவல்தான் புதுப் பெட்டிக்கும் போகும். நாலு நாளில் மறுபடி அலறும், ஆறாயிரத்து ஐந்நூறு போனது போனதுதான்.

முதலில் இன்று ராத்திரித் தூக்கத்துக்கு வழி. ரிமோட்டில் பூட்டாமல், ஓட்டுநர் கதவைச் சாவி போட்டுப் பூட்டுங்கள். வெளியில் மாட்டும் பெரும்பாலான அலாரங்கள் ரிமோட்டில் பூட்டினால்தான் காவலுக்கு உட்காரும். இப்படிப் பூட்டினால் கதவு பூட்டியிருக்கும், அலாரம் உறங்கும். அபார்ட்மென்ட்காரர்கள் கோபப்படுவதிலும் நியாயம் இருக்கிறது. ஒலி மாசு விதிகளின்படி ராத்திரி பத்து முதல் காலை ஆறு வரை குடியிருப்புப் பகுதிக்கு 45 டெசிபல்தான் வரம்பு. சைரன் அதைப் பல மடங்கு தாண்டும்.

அடுத்து, அலாரம் எப்படி அடிக்கிறது என்று கவனியுங்கள். முதலில் ‘கீ... கீ...’ என்று இரண்டு மூன்று எச்சரிக்கை ஒலி மட்டும் வந்து நின்றால் அதிர்வு சென்சாரைச் சந்தேகப்படலாம். எச்சரிக்கையே இல்லாமல் எடுத்த எடுப்பில் முழுச் சைரனும் அலறினால் கதவு அல்லது பானெட் ஸ்விட்ச் பக்கம் போங்கள்.

என் அனுபவத்தில் முதல் குற்றவாளி பானெட் ஸ்விட்ச்தான். பானெட்டைத் தூக்கினால் ஓரத்தில், ரப்பர் குல்லா போட்டு, பேனா மூடி அளவில் ஒரு குச்சி நிற்கும். பானெட்டை மூடும்போது அது அமுங்க வேண்டும். மழை, இன்ஜின் சூடு, வாட்டர் வாஷ் எல்லாம் நேராக இதன்மேல்தான் விழுகின்றன. குல்லா கிழிந்து உள்ளே துருப்பிடித்துவிடும். பகலில் வெயிலில் காய்ந்து ஒழுங்காக இருக்கும். பின்னிரவில் பனி இறங்கியதும் அந்த ஈரத்தின் வழியாகக் கொஞ்சம் மின்சாரம் வண்டியின் இரும்பு பாடிக்குக் கசியும், மாட்யூல் ‘பானெட் திறந்திருக்கிறது’ என்று நினைத்துக்கொள்ளும். உங்கள் இரண்டு மணி, மூன்று மணிக் கணக்கு இதோடுதான் ஒத்துப்போகிறது. குச்சியை விரலால் அமுக்கிப் பாருங்கள். விட்டவுடன் துள்ளி எழ வேண்டும், சொரசொரவென்று சிக்கக் கூடாது. சோதனைக்கு, அதன் அடியில் உள்ள ஒற்றை வயரைக் கழற்றி, முனையில் டேப் சுற்றி, இரண்டு மூன்று ராத்திரி ரிமோட்டில் பூட்டிப் பாருங்கள். அலாரம் அமைதியாக இருந்தால் குற்றவாளி கிடைத்துவிட்டான். புது ஸ்விட்ச் நூறு, இருநூறு ரூபாய் சமாசாரம்.

கதவு ஸ்விட்சுக்கும் எளிய சோதனை உண்டு. இருட்டில் உள்ளே உட்கார்ந்து, எல்லாக் கதவையும் மூடி, ஒவ்வொன்றையும் தோளால் வெளிப்பக்கம் தள்ளுங்கள். டேஷ்போர்டில் ‘கதவு திறந்திருக்கிறது’ விளக்கோ, கூரை விளக்கோ மினுக்கென்றால் அந்தக் கதவுதான்.

அதிர்வு சென்சார் தீப்பெட்டி அளவுக் கருப்பு டப்பா. அவசர ஃபிட்டிங் செய்கிறவர்கள் அதை இரண்டு பக்கமும் ஒட்டும் டேப்பில் ஒட்டிவிட்டுப் போவார்கள். நம் ஊர் வெயிலில் பசை உருகி, டப்பா வயரில் தொங்கி ஆடும். லாரி போனாலும் அலறும். அசையாத இடத்தில் இறுக்கிக் கட்டச் சொல்லுங்கள். எவ்வளவு லேசான அதிர்வுக்கு அலற வேண்டும் என்பதை முடிவு செய்யும் சின்னத் திருகு அதில் இருக்கும், அதைக் கொஞ்சம் குறைத்தாலே பாதிப் புகார் தீரும்.

இப்போது பேட்டரி. வோல்டேஜ் அளக்கும் மல்டிமீட்டர் இருந்தால், ராத்திரி நின்ற வண்டியில் காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் பாருங்கள். 12.6 வோல்ட் இருந்தால் முழு ஆரோக்கியம், 12.4 பரவாயில்லை, 12.2-க்குக் கீழே போனால் அலாரம் தாறுமாறாக நடந்துகொள்ளலாம். ஸ்டார்ட் செய்தபின் 13.8-இலிருந்து 14.5-க்குள் காட்ட வேண்டும். அது சரியாக இருந்தும் காலையில் இறங்கியே இருந்தால், நிற்கும் வண்டியில் ஏதோ மின்சாரத்தைக் குடிக்கிறது. 50 மில்லி ஆம்பியர் வரை சகஜம். 200 என்றால் ஒரு நாளைக்கு 4.8 ஆம்பியர் ஹவர். உங்கள் வண்டி மாதிரி சின்ன கார்களில் வரும் 35 ஆம்பியர் ஹவர் பேட்டரி ஒரே வாரத்தில் காலி. அப்போது புது பேட்டரி போட்டாலும் அதே கதிதான். பேட்டரி விற்கும் கடையிலேயே போய் ‘பேட்டரி நல்லா இருக்கா?’ என்று கேட்காதீர்கள். பழசுக்கு ஈய விலை இருக்கிறது, புதுசில் லாபம் இருக்கிறது. என்ன பதில் வரும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஒரு விதிவிலக்கை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். இது தெரியாமல் பலர் எல்லா சென்சாரையும் மாற்றியிருக்கிறார்கள். சில அலாரங்கள் கதவு ஸ்விட்சை நம்பாமல், பேட்டரி வோல்டேஜ் சட்டென்று இறங்குகிறதா என்று பார்க்கும். கதவு திறந்தால் கூரை விளக்கு எரியும், வோல்டேஜ் லேசாக இறங்கும், அதை வைத்துத் திருடன் என்று முடிவு செய்யும். ஆனால் நீண்ட தூரம் ஓட்டிவிட்டு வெயிலில் நிறுத்தினால், சில வண்டிகளில் இன்ஜின் அணைந்த பிறகும் ரேடியேட்டர் ஃபேன் தானாகச் சுற்றும். ஃபேன் இழுக்கும் கரன்ட் விளக்கைவிடப் பல மடங்கு அதிகம். உடனே அலாரம் அலறும். ஆகவே நிறுத்திய ஐந்து, பத்து நிமிடத்துக்குள் அலறி, அப்புறம் ராத்திரி முழுக்கச் சும்மா இருந்தால், ஃபேன் சத்தம் கேட்கிறதா என்று காது கொடுங்கள். அப்படியானால் எதுவும் கெட்டுப்போகவில்லை. மாட்யூலில் அந்த வோல்டேஜ் கண்காணிப்பை அணைத்து, கதவு ஸ்விட்ச் வயரைத் தனியே இணைத்தால் போதும். உங்கள் வண்டி பின்னிரவில் அலறுவதால் உங்களுக்கு இது பொருந்தாது.

இனி எச்சரிக்கை. ‘அலாரமே வேண்டாம், வெட்டிவிடுகிறேன்’ என்று யாராவது வயர்கட்டரோடு வந்தால் வண்டியைத் தொட விடாதீர்கள். வெளி அலாரங்களில் பல, ஸ்டார்ட்டர் அல்லது ஃப்யூயல் பம்ப் வயரைக் குறுக்கே வெட்டி, நடுவில் ஒரு ரிலே, அதாவது மின்சாரத்தால் இயங்கும் ஸ்விட்ச், வைத்திருக்கும். கண்டபடி வெட்டினால் வண்டி ஸ்டார்ட் ஆகாது. அதைவிட மோசம், ஃப்யூயல் பம்ப் வயரில் முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு தளர்ந்தால் நெடுஞ்சாலையில் ஓடும்போதே இன்ஜின் நின்றுவிடும். ஸ்டீயரிங்குக்கு அடியில் தெரியும் மஞ்சள் கப்ளர் (வயர்களை இணைக்கும் பிளக்) ஏர்பேக்குடையது, அதில் யாரும் கை வைக்கக் கூடாது.

எனக்கு ஆற்றாமை தருவது இந்த ஏற்பாடுதான். குறைந்த வேரியன்டில் அலாரம் கொடுக்காமல் விற்கிறார்கள். ஷோரூமிலேயே ‘ஆக்சசரி’ என்று சொல்லி வெளியாளை வைத்து மாட்டுகிறார்கள். பில்லில் கம்பெனிப் பெயர் இல்லை, மாடல் நம்பர் இல்லை, எந்த வயரை எங்கே வெட்டினார்கள் என்ற படம் இல்லை. பிறகு பழுது என்று அதே கட்டடத்தின் சர்வீஸ் பக்கம் போனால், ‘அது வெளி ஃபிட்டிங், நாங்கள் பார்க்க மாட்டோம்’ என்கிறார்கள். பழைய வண்டி விற்கும் புரோக்கரோ இரண்டாவது ரிமோட்டையும் கொடுப்பதில்லை, அலாரத்தை நிறுத்தும் ரகசிய பட்டன் எங்கே இருக்கிறது என்றும் சொல்வதில்லை. முடிந்தால் முந்தைய உரிமையாளருக்கே போன் போட்டு அந்த பட்டன் எங்கே, எந்தக் கடையில் மாட்டினார் என்று கேட்டுவிடுங்கள்.

பானெட் வயர், கதவு, சென்சார், பேட்டரி என்ற வரிசையில் ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றிச் சோதியுங்கள். ஒரே நாளில் நாலையும் தொட்டால் எது காரணம் என்று கடைசிவரை தெரியாது. இத்தனைக்கும் பிறகும் அலறினால், ஒரு நல்ல ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் அலாரத்தை முழுதாகக் கழற்றி, வெட்டிய வயர்களை சால்டர் வைத்துப் பழையபடி சேர்த்துத் தரச் சொல்லுங்கள். சென்ட்ரல் லாக்கைத் தனியாக ஓட வைக்க முடியுமா என்றும் அவரிடமே கேளுங்கள். வேலை நடக்கும்போது பக்கத்தில் நின்று, சேர்க்கும் ஒவ்வொரு வயரையும் டேப் சுற்றுவதற்கு முன் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.