கூலியும் ஆராதனையும்

அன்புள்ள ஐயா,

நாங்கள் தரங்கம்பாடிப் பக்கம், தலைமுறைகளாக லுத்தரன் சபை. ஞாயிறு ஆராதனை தவறுவதில்லை. ஆனால் மற்ற நாட்களில் ஜெபத்தில் மனம் நிற்பதில்லை. குறுவை நெல் போட்ட பணம் கொள்முதல் நிலையத்திலிருந்து இன்னும் வரவில்லை, அதற்குள் தாளடி நட்ட பெண்கள் கூலி கேட்டுக் காலையிலேயே வாசலில் நிற்கிறார்கள். அன்றாட வாழ்க்கையையே ஆராதனையாக்குவது எப்படி? கோயிலில் கிட்டார், டிரம்ஸ் வாசிப்பது சரிதானா?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

கிட்டாரை உங்கள் சபையார் கூடி முடிவு செய்யட்டும். ஜெபத்தில் மனம் நிற்காதது பற்றி உங்கள் சபைப் போதகரான ஐயரே நன்றாகச் சொல்வார். எனக்கு அந்த வாசலைத் தாண்டி நகர முடியவில்லை. நட்டுவிட்டுப் போன பெண்கள் கூலி கேட்டு நிற்பது உங்கள் ஜெபத்துக்கு இடைஞ்சலா? எப்படி எழுத மனம் வந்தது?

கூலிக்காரனின் கூலி விடியும்வரை உன்னிடம் இருக்கக் கூடாது என்கிறது வேதாகமத்தில் லேவியராகமம் 19. வயலை அறுத்தவர்களுக்குக் கொடுக்காமல் பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது, அது கர்த்தரின் செவியில் விழுகிறது என்று யாக்கோபு எழுதுகிறார். நெல் விளையும் ஊரில் இருந்துகொண்டு இதைப் படிக்காமல் வேறு எதைப் படிக்கிறோம்?

என் அப்பாவுக்கு மூன்று மா நிலம். நடவு நாளில் வெளிச்சம் இருக்கும்போதே திண்ணையில் உட்கார்ந்து கூலி அளப்பார். கடைசி ஆள் மடியில் நெல்லை வாங்கிக்கொண்டு போனபிறகுதான் வீட்டில் சாயங்கால ஜெபம், அதுவரை நாங்கள் பசியோடு காத்திருக்க வேண்டும். ஒரு வருஷம் நெல் போதாமல் அம்மாவின் தோடு கும்பகோணத்தில் அடகுக்குப் போனது. அம்மா முணுமுணுத்துக்கொண்டேதான் கழற்றிக் கொடுத்தாள்.

கீழ்வெண்மணி உங்கள் மாவட்டத்துக்குப் பக்கம்தான். 1968 டிசம்பர் 25 இரவு, கூலித் தகராறில் நிலக்கிழார்களின் ஆட்கள் கூலிக் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேரைக் குடிசையோடு எரித்தார்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். அன்று காலைதான் இந்தக் கடற்கரைக் கோயில்களில் கிறிஸ்து பிறப்பின் ஆராதனை முடிந்திருந்தது. இந்த மண்ணில் கூலி ஒருநாளும் சில்லறை விஷயமாக இருந்ததில்லை தம்பி.

நீங்கள் கல்நெஞ்சர் இல்லை, இப்படி ஒரு கேள்வி கேட்கத் தோன்றியதே அதற்குச் சாட்சி. நெல் பணம் தள்ளிப்போனால் குடும்பம் என்ன பாடுபடும் என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் அந்த நெருக்கடியை அவர்கள் தலையில் இறக்காதீர்கள். கூட்டுறவு வங்கியில் நகையை வைத்து நாளைக்கே கொடுத்துவிடுங்கள், பணம் வந்ததும் மீட்டுக்கொள்ளலாம். அடகு வைக்க அந்தப் பெண்களிடம் என்ன இருக்கிறது?