அப்பாவின் மறதியை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பரிசோதிக்க முடியுமா?

72 வயதான உங்கள் தந்தை சில மாதங்களாகப் பெயர்களை மறக்கிறார், யாரிடமும் பேசாமல் ஒதுங்கியே இருக்கிறார், நேராக நரம்பியல் நிபுணரிடம் போவதா, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் மதிப்பீட்டை அங்கேயே தாராளமாகச் செய்யலாம். ஆனால் வினாத்தாள் தரும் மதிப்பெண்ணையே நோய் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதை ஒரு மருத்துவராக நான் தவறு செய்துதான் கற்றுக்கொண்டேன்.

பணியில் சேர்ந்த புதிதில், பள்ளிக்கூடமே போகாத ஒரு விவசாயிக்கு, நினைவையும் சிந்தனைத் திறனையும் கேள்விகளால் அளக்கும் எம்.எம்.எஸ்.இ. சோதனை வைத்தேன். 1975-இல் அமெரிக்காவில் வெளியான, 30 மதிப்பெண் கொண்ட அச்சோதனையில் ஒரு வாக்கியம் எழுத வேண்டும், ஐங்கோணங்களைப் பார்த்து வரைய வேண்டும், நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்க வேண்டும். அவர் பெற்றது 16. மறதிநோய் என்று சீட்டில் எழுதிவிட்டேன். "யார் யாருக்கு எவ்வளவு பாக்கின்னு அப்பா இன்னைக்கும் வாய்க்கணக்கா சொல்வாரு சார்" என்று அவர் மகள் சொன்ன பிறகே மறுபடி உட்காரவைத்துக் காதருகில் பேசினேன். என் கேள்விகளில் பாதி அவர் காதில் விழவே இல்லை. காதுக் குரும்பியை எடுத்த பின் நாள், இடம், நினைவில் வைக்கச் சொன்ன மூன்று சொற்கள் என எல்லாவற்றையும் சரியாகச் சொன்னார். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு ஏற்றபடி இச்சோதனையை மாற்றி, ஹரியானாவின் பல்லப்கர் பகுதியில் உருவாக்கிய இந்தி வடிவம் 1995-இல் வெளியானதற்குக் காரணமும் இந்தச் சிக்கல்தான்.

ஆகவே மதிப்பெண்ணை விட, வீட்டிலிருப்பவர் சொல்வதற்கே நான் அதிக எடை தருகிறேன். கடையில் மீதிச் சில்லறையை எண்ணி வாங்குகிறாரா, மாத்திரையைத் தானே எடுத்துப் போட்டுக்கொள்கிறாரா, பழகிய தெருவில் வழி தடுமாறுகிறாரா, ஒரு வருடத்துக்கு முன்பு இவற்றில் எப்படி இருந்தார் என்பதை யோசித்து எழுதிக்கொண்டு போங்கள்.

அவர் ஒதுங்கியிருப்பதாக நீங்கள் சொல்வதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. முதுமையில் மனச்சோர்வு மறதியின் வடிவத்தில் வருவதுண்டு. மறதிநோயின் தொடக்கத்திலும் மனச்சோர்வு வருவதுண்டு. எனவே இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும். மனச்சோர்வை அளக்கும் பி.எச்.க்யூ-9 என்னும் வினாத்தாள் கடந்த இரண்டு வாரங்களைப் பற்றிய ஒன்பது கேள்விகள் கொண்டது. மொத்தம் 27 மதிப்பெண்ணில் 10 அல்லது அதற்கு மேல் வந்தால் விரிவாக விசாரிக்க வேண்டும். நம் ஊர்ப் பெரியவர்கள் 'மனச்சோர்வு' என்று சொல்லமாட்டார்கள். நெஞ்சு பாரமாக இருக்கிறது, உடம்பெல்லாம் வலிக்கிறது, எதுவும் பிடிக்கவில்லை என்றுதான் சொல்வார்கள். ஒன்பதாவது கேள்வி, செத்துப்போனால் தேவலை என்றோ தன்னைத் துன்புறுத்திக்கொள்ளலாம் என்றோ தோன்றியதா என்பது. கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று குடும்பத்தார் அஞ்சுகிறார்கள். அப்படி நேர்வதில்லை, கேட்கப்பட்டதும் கண்கலங்கி, பல மாதங்களாக அடக்கியதைச் சொன்னவர்களை நான் பார்த்திருக்கிறேன். உங்கள் அப்பா தயங்காமல் பேச, அந்த நேரம் நீங்கள் வெளியே இருங்கள்.

தைராய்டு, வைட்டமின் பி12, சோடியம், சர்க்கரை ஆகியவற்றுக்கான ரத்தப் பரிசோதனையைக் கேட்டுப் பெறுங்கள். சர்க்கரைக்காகப் பல ஆண்டுகள் மெட்ஃபார்மின் எடுப்பவர்களுக்கு பி12 குறையலாம். தூக்க மாத்திரையும், சளிக்குக் கடையில் வாங்கும் சில மாத்திரைகளும்கூட முதியவர்களின் நினைவைக் குழப்பும் என்பதால், வீட்டிலுள்ள எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். அவருடைய கண்ணாடியையும் மறக்க வேண்டாம்.

குழப்பம் ஓரிரு நாளில் திடீரென வந்தாலோ, அண்மையில் விழுந்து தலையில் அடிபட்டிருந்தாலோ காத்திருக்காமல் அன்றே பெரிய மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். சாக வேண்டும் என்று அவர் சொன்னால் தனியே விடாதீர்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மனாஸ் எண் 14416-இல் எந்நேரமும் தமிழில் பேசலாம்.