பி0133 கோட் வந்தால் ஆக்சிஜன் சென்சாரை மாற்றித்தான் ஆக வேண்டுமா?

கேள்வி இதுதான்: எண்பதாயிரம் கிலோமீட்டர் ஓடிய நான்கு சிலிண்டர் பெட்ரோல் கார். செக் என்ஜின் விளக்கு எரிகிறது, மைலேஜ் குறைந்துவிட்டது, ஸ்கேனரில் பி0133 வருகிறது. ஒர்க்‌ஷாப்பில் ஆக்சிஜன் சென்சாரை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா, வீட்டிலேயே மாற்ற முடியுமா?

வீட்டிலேயே மாற்ற முடியும். மாற்ற வேண்டுமா என்பதைச் சோதித்துப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்கு முன்னால் இருக்கும் சென்சாரின் சிக்னல் மெதுவாக மாறுகிறது, பி0133 சொல்வது அவ்வளவுதான். ஏன் மெதுவாக மாறுகிறது என்பது என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியுவுக்குத் தெரியாது. கிழடான சென்சார், வேலை செய்யாத ஹீட்டர், எக்ஸாஸ்ட் குழாயில் ஒரு சின்னக் கசிவு, எலி கடித்த ஒயர் என்று எதுவும் காரணமாக இருக்கலாம். நல்ல சென்சாருக்குச் சில ஆயிரம் ரூபாய் ஆகும். எலெக்ட்ரிக்கல் பார்ட்டைப் பிரித்துவிட்டால் பெரும்பாலான கடைகளில் திருப்பி எடுக்கவும் மாட்டார்கள்.

முதலில் சென்சார் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடுவோம், மற்றதெல்லாம் அதிலிருந்து புரியும். உள்ளே ஜிர்கோனியா என்ற பீங்கானால் ஆன சின்னக் குப்பி இருக்கிறது. வெளிப்பக்கம் புகை, உட்பக்கம் சாதாரணக் காற்று. இரண்டுக்கும் நடுவே ஆக்சிஜன் அளவில் வித்தியாசம் எவ்வளவோ அதற்கேற்ப வோல்டேஜ் உண்டாகும். பெட்ரோல் கூடுதலாக இருந்தால் 0.8, 0.9 வோல்ட். காற்று கூடுதலாக இருந்தால் 0.1, 0.2 வோல்ட். ஈசியு இதைப் பார்த்துப் பெட்ரோலைக் கூட்டிக் குறைத்துக்கொண்டே இருப்பதால், நல்ல சென்சாரின் வோல்டேஜ் கோடு மேலும் கீழும் ஓயாமல் ஆடும். பீங்கான் 300 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சூடானால்தான் இதெல்லாம் நடக்கும். சீக்கிரம் சூடாக்குவதற்காகத்தான் உள்ளே 12 வோல்ட் ஹீட்டர் வைத்திருக்கிறார்கள்.

கோட் எண்களையும் பிரித்துப் பாருங்கள். பி0130 முதல் பி0135 வரை முன் சென்சார், பி0136 முதல் பி0141 வரை கன்வெர்ட்டருக்குப் பின்னால் உள்ள சென்சார். முன் சென்சாரில் பி0131 வோல்டேஜ் தாழ்வு, பி0132 உயர்வு, பி0134 அசைவே இல்லை, பி0135 ஹீட்டர் சர்க்யூட். பின் சென்சாரின் ஹீட்டருக்கு பி0141. ஹீட்டர் கோட் வந்தால் சென்சார் போயிருக்க நல்ல வாய்ப்பு உண்டு, ஃப்யூஸையும் ஒயரையும் மட்டும் பார்த்துவிட்டால் போதும். பி0171, அதாவது கலவையில் பெட்ரோல் போதவில்லை என்ற கோட் வந்தால் சென்சாரை மாற்றுவது பெரும்பாலும் வீண்செலவு. அது உள்ளதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறது.

இனி சோதனை. காரின் ஸ்கேனர் சாக்கெட்டில் செருகும் புளூடூத் ஓபிடி அடாப்டரும் போனில் ஒரு செயலியும் போதும். என்ஜினை நன்றாகச் சூடேற்றி 2500 ஆர்பிஎம்மில் பிடித்துக்கொண்டு முன் சென்சாரின் வோல்டேஜை வரைபடமாகப் பாருங்கள். செயலியில் அந்த ஓர் அளவை மட்டும் தேர்ந்தெடுங்கள். பத்து அளவுகளை ஒன்றாக ஓடவிட்டால் மலிவான அடாப்டர் திணறி, நல்ல சென்சாரையே மந்தமாகக் காட்டும். பத்து விநாடிக்குள் ஏழெட்டு முறையாவது கோடு மேலும் கீழும் போய்வர வேண்டும். 0.45 வோல்ட்டிலேயே நேர்கோடாக நின்றால், பல கார்களில் அது சென்சார் தரும் வோல்டேஜே அல்ல, ஈசியு தன் பக்கமிருந்து வைத்திருக்கும் வோல்டேஜ். ஒயர் அறுந்திருக்கலாம், சென்சார் சூடாகாமல் இருக்கலாம், செத்தும் போயிருக்கலாம்.

கோடு சோம்பலாக ஆடினால் நீங்களே உசுப்பிவிட்டுப் பாருங்கள். இன்டேக் மேனிஃபோல்டிலிருந்து ஒரு சின்ன வேக்குவம் ஹோஸைக் கழற்றினால் கூடுதல் காற்று உள்ளே போகும், வோல்டேஜ் சட்டென்று 0.2க்குக் கீழே விழ வேண்டும். அதே ஹோஸ் வழியாகக் கார்புரேட்டர் க்ளீனரை ஒரே ஒரு சின்னப் பீச்சாக விட்டால் 0.8க்கு மேல் எகிற வேண்டும். சூடான எக்ஸாஸ்ட் பக்கம் ஒரு துளிகூடத் தெறிக்கக் கூடாது, தீப்பிடிக்கும். இரண்டுக்கும் உடனே துள்ளினால் சென்சார் நன்றாக இருக்கிறது, கோளாறை வேறு இடத்தில் தேடுங்கள். ஏதாவது ஒரு பக்கம் தயங்கித் தயங்கி நகர்ந்தால் அடுத்த சந்தேகம் ஹீட்டர்.

ஹீட்டரைப் பார்க்க மல்டிமீட்டர் போதும். என்ஜின் ஆறியிருக்கும்போது சென்சாரின் கப்ளரைக் கழற்றுங்கள். நான்கு ஒயரில் ஒரே நிறத்தில் இருக்கும் இரண்டும் ஹீட்டருடையவை. பாஷ் சென்சாரில் அவை வெள்ளை, டென்சோவில் கறுப்பு. அவற்றுக்கு இடையே சில ஓம் முதல் 15 ஓம் வரை வரும், சரியான எண் மாடலுக்கு மாடல் மாறும். எல்லையற்ற ரெசிஸ்டன்ஸ் காட்டினால் ஹீட்டர் அறுந்துவிட்டது, சென்சாரை மாற்றத்தான் வேண்டும். ஹீட்டர் சரியாக இருந்தால் கார் பக்கத்துக் கப்ளரில் 12 வோல்ட் வருகிறதா என்று பாருங்கள். சில கார்களில் என்ஜின் ஓடினால்தான் வரும். வராவிட்டால் ஃப்யூஸ், ரிலே, பிறகு எலிக்கடி. வெள்ளத்தில் நின்ற காராக இருந்தால் கப்ளருக்குள் பச்சை பூத்திருக்கிறதா என்றும் பாருங்கள். அடித்தளத்தில் தொங்கும் பின் சென்சாரின் கப்ளர்தான் முதலில் நனையும்.

ஒர்க்‌ஷாப்புகளில் அதிகம் தவறவிடுவது எக்ஸாஸ்ட் கசிவைத்தான். புகை விட்டுவிட்டு அலையாக வருகிறது. இரண்டு அலைகளுக்கு நடுவே குழாயின் அழுத்தம் கணநேரம் வெளிக்காற்றைவிடக் குறைவதால், கேஸ்கெட் ஓட்டை வழியாகக் காற்று உள்ளே உறிஞ்சப்படும். சென்சார் அந்த ஆக்சிஜனைப் பார்த்துவிட்டுப் பெட்ரோல் போதவில்லை என்று சொல்லும், ஈசியுவும் நம்பிப் பெட்ரோலைக் கூட்டும். மைலேஜ் குறைய இது ஒன்றே போதும். காலையில் குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் செய்யும்போது டிக் டிக் என்ற சத்தமும், மேனிஃபோல்ட் கேஸ்கெட் ஓரத்தில் கரிக்கோடும் தெரிந்தால் அதுதான். உறுதிப்படுத்த, என்ஜினை நிறுத்தி ஆறவிட்டு, வேக்குவம் க்ளீனரின் காற்று வெளிவரும் பக்கத்தை டெயில் பைப்பில் பொருத்தி ஊதவிட்டு, இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தெளியுங்கள். ஓட்டை இருக்கும் இடத்தில் குமிழி வரும்.

மிஸ்ஃபயரும் இதே போல ஏமாற்றும். பற்றாத சிலிண்டரிலிருந்து எரியாத பெட்ரோலோடு எரியாத ஆக்சிஜனும் வெளியே வரும். சென்சாருக்கு ஆக்சிஜன் மட்டும்தான் தெரியும். பி0300 முதல் பி0304 வரை ஏதாவது கோட் கூடவே இருந்தால் முதலில் பிளக்கையும் காயிலையும் கவனியுங்கள்.

ஃப்யூயல் ட்ரிம்மையும், அதாவது ஈசியு பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டியோ குறைத்தோ தருகிறது என்ற அளவையும், பார்க்காமல் விடாதீர்கள். நீண்டகால ட்ரிம் கூட்டல் அல்லது கழித்தல் 10 சதவீதத்துக்குள் இருந்து, கோடு மட்டும் மந்தமாக இருந்தால் சென்சார் மேல் சந்தேகம் வலுக்கும். கூட்டல் 15, 20 என்று ஏறியிருந்தால் காற்றுக் கசிவு, அழுக்கான ஏர் ஃப்ளோ சென்சார், பலவீனமான ஃப்யூயல் பம்ப் என்ற பக்கம் போங்கள். எத்தனால் கலந்த பெட்ரோலும் இதில் கை வைக்கும். வெறும் பெட்ரோலுக்கு ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று வேண்டும், 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20க்குச் சுமார் 13.5 போதும். 10 சதவீதம் கலந்த இ10க்காக அமைத்த காரில் இ20 ஊற்றினால் ட்ரிம் நான்கு சதவீதம் அளவுக்கு ஏறுவது இயல்புதான், அதற்காகச் சென்சாரைக் குறை சொல்ல வேண்டாம்.

இவையெல்லாம் சாதாரண, மேலும் கீழும் ஆடும் சென்சாருக்குப் பொருந்தும். கலவையின் அளவையே தொடர்ச்சியாக அளக்கும், ஐந்து ஒயர் வைத்த வைட்பேண்ட் சென்சார் உங்கள் காரில் இருந்தால், டென்சோவில் நான்கு ஒயரிலேயேகூட அது வரும், மேலே சொன்ன வோல்டேஜ் கணக்கு செல்லாது. அதில் ஸ்கேனரில் லாம்டா (கலவை சரியாக இருந்தால் 1 காட்டும் அளவு) 1.0ஐ ஒட்டி நிற்கிறதா என்று பாருங்கள், சிக்னல் ஒயரில் மல்டிமீட்டரை வைக்காதீர்கள். பின் சென்சாரும் அப்படித்தான், அது ஆடக் கூடாது. ஏறக்குறைய 0.6, 0.7 வோல்ட்டில் அமைதியாக இருந்தால் கன்வெர்ட்டர் நன்றாக இருக்கிறது. முன் சென்சாரைப் போலவே ஆடத் தொடங்கினால் கன்வெர்ட்டரின் ஆயுள் முடிந்துகொண்டிருக்கிறது. கன்வெர்ட்டரின் திறன் குறைந்துவிட்டது என்ற பி0420 கோட் வந்ததும் பின் சென்சாரை மாற்றிப் பார்ப்பது இங்கே வழக்கமாகிவிட்டது. விளக்கு சில நாளில் திரும்ப எரியும்.

சென்சார்தான் என்று உறுதியானால், பழைய சென்சாரின் மேல் உள்ள பார்ட் நம்பரை வைத்து வாங்குங்கள். முன் சென்சாருக்கும் பின் சென்சாருக்கும் ஒயர் நீளமும் கப்ளரும் மாறும். ஒயரை வெட்டி இணைக்கச் சொல்லும் யூனிவர்சல் சென்சார் வேண்டாம். பல சென்சார்களில் குப்பியின் உட்பக்கத்துக்கு வேண்டிய சாதாரணக் காற்று ஒயரின் இழைகளுக்கு நடுவேதான் உள்ளே போகிறது. சால்டர் வைத்தாலும் கப்ளரில் கிரீஸ் திணித்தாலும் அந்த மூச்சு அடைபடும்.

கழற்றுவதற்கு 22 மிமீ ஸ்பானர், இடம் குறுகலாக இருந்தால் ஒயர் போக வெட்டு விட்ட ஆக்சிஜன் சென்சார் சாக்கெட். முதல் நாள் இரவே மரையில் துரு நீக்கும் எண்ணெய் விட்டுவையுங்கள். மறுநாள் என்ஜினைச் சில நிமிடம் ஓட்டி நிறுத்தி, எக்ஸாஸ்ட் வெதுவெதுப்பாக இருக்கும்போது கையுறை போட்டுக்கொண்டு கழற்றினால் சுலபம். பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிடுங்கள். இறுக்கமாக இருந்தால் கொஞ்சம் தளர்த்தி, கொஞ்சம் இறுக்கி, மறுபடி தளர்த்தி எடுங்கள். ஒரேயடியாக இழுத்தாலோ இம்பாக்ட் கன் வைத்தாலோ மேனிஃபோல்டின் மரை உருவிக்கொண்டு வரும், சென்சாரைவிட அந்தச் செலவு பெரிது. மரை கெட்டிருந்தால் எம்18, 1.5 பிட்ச் டேப் வைத்துச் சுத்தம் செய்யுங்கள்.

புதிய சென்சாரின் மரையில், அது இறுகி ஒட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஆன்டி சீஸ் பசை பெரும்பாலும் பூசியே வரும். இல்லாவிட்டால் நிக்கல் ஆன்டி சீஸை மரையில் மட்டும் மெல்லப் பூசுங்கள், முனையில் படக் கூடாது. கீழே விழுந்த சென்சாரை மாட்டாதீர்கள், உள்ளே பீங்கான் விரிசல் விட்டிருக்கலாம். கையாலேயே மரை பிடிக்கும்வரை சுற்றி, பிறகு கையேட்டில் சொன்ன டார்க்குக்கு முறுக்குங்கள், பெரும்பாலும் 40 முதல் 50 நியூட்டன் மீட்டர். ஒயர் முறுக்கேறாமல், எக்ஸாஸ்டில் படாமல் பழைய கிளிப்பிலேயே மாட்டுங்கள்.

பழைய சென்சாரை எறியும் முன் அதன் முனையைப் பாருங்கள். கரிக்கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகமாக எரிகிறது. வெள்ளைப் பொடி படிந்திருந்தால் சென்சாருக்கு ஒவ்வாத சிலிகான் சீலன்ட்டைக் கேஸ்கெட்டில் யாரோ போட்டிருக்கலாம், அல்லது ஹெட் கேஸ்கெட் வழியாகக் கூலன்ட் உள்ளே போகலாம். ஆயில் எரியும் என்ஜினிலும் சாம்பல் படியும். காரணத்தைச் சரிசெய்யாவிட்டால் புதியதும் சில மாதத்தில் அதே கதிக்கு வரும். பெட்ரோலில் கழுவிப் பழையதையே மாட்டுவதில் பயனில்லை, சிலிகான் படிவு பீங்கானை மூடிவிட்டால் போகாது.

பேட்டரியை மாட்டி, ஸ்கேனரில் கோட் எண்ணை அழித்து, ட்ரிம்மையும் ரீசெட் செய்யுங்கள். பிறகு நகரத்திலும் நெடுஞ்சாலையிலுமாக இரண்டு மூன்று நாள் ஓட்டுங்கள். ஆக்சிஜன் சென்சார் மானிட்டர், அதாவது ஈசியு தானே செய்யும் சென்சார் சோதனை, முடிந்தது என்று ஸ்கேனர் காட்டி, கோட் திரும்ப வராமல், நீண்டகால ட்ரிம் ஒற்றை இலக்கத்துக்குள் நின்றால் வேலை முடிந்தது.